புருவத்தின் மேல் நாலரை மணி

இங்கே தண்ணீர் சீக்கிரம் கொதித்துவிடும்,
எண்பத்தேழு டிகிரியிலேயே.
அவசரக்காரத் தண்ணீர்.
ஆனால் சோளம் வேக மட்டும்
பள்ளத்தில் இருப்பவர்களைவிட நெடுநேரம் ஆகும்.
கொதிப்பது வேறு வேகுவது வேறு என்பாள் வாரா,
என்னைப் பார்த்துக்கொண்டே.

நான் மினிபஸ் கதவில் தொங்குகிறவன்.
பெரெஸ், பெரெஸ், பிராதோ, சான் பெத்ரோ...
விடியுமுன் இருநூறு தடவை கூவித்
தொண்டை ரம்பமாகிவிடும்.
எல் ஆல்த்தோவின் இந்தச் சந்திக்குச் சேஹா என்று பெயர்.
புருவம் என்று அர்த்தம்.
கீழே லா பாஸ் நகரம்
விளக்கு விளக்காக விழித்திருக்கிறது,
தூக்கம் கெட்ட கண்.
புருவத்தின் மேல் ஒரு நீலத் தார்ப்பாய்,
ஒரே சிலிண்டர், இரண்டு அடுப்பு.

ஒன்று வாராவுடையது.
ஊதாச் சோளமாவு, கிராம்பு, பட்டை, ஆரஞ்சுத் தோல்:
குழம்பும் இல்லாமல் கஞ்சியும் இல்லாமல் ஒரு பதம்.
ஆப்பி என்பார்கள்.
அவளுக்கு இருபத்திரண்டு வயது,
கணக்கியல் மூன்றாம் ஆண்டு.
மற்றது ரொனால் தோலாவுடையது.
பாலாடைக்கட்டி வைத்து மடித்த மாவு
எண்ணெயில் விழுந்ததும்
கோபித்துக்கொண்ட பிள்ளையின் கன்னமாக உப்பும்.
மேலே சர்க்கரைப் பொடி.
அவன் தலைமுடியிலும்.

இருவரும் காதலர்கள் என்று சந்தியே நினைக்கிறது.
சண்டைக்காரர்கள்.
அவள் ஆப்பி இல்லாமல் அவன் பண்டம் விக்கும்,
அவன் பண்டம் இல்லாமல் அவள் பானை பாதியில் நிற்கும்.
அதற்காகத்தான் ஒரே தார்ப்பாய்.

வாராவின் அம்மா கைப்பேசி உறை விற்கிறவர்.
வீட்டில் காலையில் டீயும் ரொட்டியும், அவ்வளவுதான்.
இவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.
பதினோரு கடைகளில் காசு கொடுத்துக் குடித்து
வரவு செலவு மாதிரி நோட்டில் எழுதி,
முதல் மாதம் ஏழு பானை அடிபிடித்து,
பன்னிரண்டாவது கடையாகத் தானே நின்றாள்.

மார்ச்சில் சாலை மறியல்.
லாரிகள் வரவில்லை, சோளம் இரட்டை விலை.
பொட்டலப் பொடி வாங்கி வந்தவன் ரொனால்.
அதே ஊதா.
சொல்லப்போனால் இன்னும் கொஞ்சம் ஊதா.
நாலு நிமிஷத்தில் தயார்.
"யாருக்குத் தெரியப்போகிறது?"
வாய் திறக்காமல் கரைத்தாள்.

அன்று எல்லாம் விற்றது.
சுமைதூக்கிகள், இரவுப்பணி முடித்த நர்சுகள்,
ஒரு கல்யாண வாத்தியக் கோஷ்டி,
யாரும் முகம் சுளிக்கவில்லை.
குடித்தார்கள், கொடுத்தார்கள், போனார்கள்.
கடை கட்டும்போது
வாரா கோப்பைகளை எண்ணினாள்.
எண்பத்தாறில் முப்பத்தொன்றின் அடியில்
ஒரு விரல் உயரம் மிச்சம்.
மற்ற நாளில் ஈ உட்கார ஒரு சொட்டு இருக்காது.

"முப்பத்தொன்று" என்றாள்.
கணக்குப் படிக்கிறவள்,
அதற்கு மேல் திட்டத் தெரியாது.

மறுநாள் கடை இல்லை.
அதற்கு மறுநாளும்.
மூன்றாம் நாள், சென்கட்டாவில் நின்றுபோன லாரி ஒன்றிலிருந்து
அரை மூட்டைச் சோளத்தை
வண்ணத் துணியில் முதுகோடு கட்டிக்கொண்டு
மறியல் கற்களுக்கிடையே நடந்து வந்தான் ரொனால்.
வந்தவன் விலையைப் பற்றி மட்டும்
ஒரு மணி நேரம் புலம்பினான்.

நேற்று ஒருவர் கேமராவோடு வந்து
மரபைக் காப்பாற்றுகிறீர்கள் என்றார்.
சில்லறையாகத் தர முடியுமா என்று கேட்டாள் வாரா.

ஒன்று சொல்ல வேண்டும்.
அந்தப் பொட்டல நாளில்
நான் கோப்பையை வழித்துக் குடித்தேன்.
குளிர், பசி, பெரெஸ் பெரெஸ்,
நாக்குக்கு எதுவும் தெரியவில்லை.
காலியான ஐம்பத்தைந்தில் ஒன்று என்னுடையது.
அவளிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

இன்றைக்குச் சோளம் வேகவில்லையாம்,
இன்னும் பத்து நிமிஷமாம்.
டிரைவர் ஹாரன் அடிக்கிறார்,
மறுபடி அடிக்கிறார்.
நிற்கிறேன்.