இரண்டாம் பூச்சு

தகரத்தில் எழுதியிருக்கிறது:
பத்துப் பாகைக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் பூசவும்.
நேர்வெயிலில் பூச வேண்டாம்.
முதற்பனி விழுமுன் முடிக்கவும்.

முதற்பனி.
மண்டைதீவில் நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பது?
காலை எட்டரைக்கே தளத்தின் ஆணித்தலைகள்
உள்ளங்காலைச் சுடுகின்றன.
நிழல் என்று இருப்பது
கொடியில் காயும் இரண்டு படுக்கை விரிப்பு.

சுபோதினி ரொறன்ரோவிலிருந்து அனுப்பியது,
கப்பற் பெட்டியில், சவர்க்காரத்துக்கும் துவாய்க்கும் நடுவில்,
இரண்டு தகரம்.
அவள் வீட்டுப் பின்பக்கத் தளம்
ஐந்து மாதம் பனிக்குள் கிடந்தும் புதுசு மாதிரியாம்.
படமும் வந்தது. தேன் நிறம்.
என்னுடையது மூன்று வருடத்தில்
கருவாட்டு நிறம்.

இங்கே மரத்தைத் தின்ன ஆள் கூட.
சோளகம் உப்பைத் தூவும்,
வெயில் அதை வறுக்கும்,
ஐப்பசி பிறந்தால் வாடை
பரவைக்கடலையே அள்ளிவந்து ஊற்றும்.
ஒரு விருந்தாளி சைக்கிளைக் கவிழ்த்துவைத்துச்
சங்கிலிக்கு எண்ணெய் விட்டதில் ஒரு கறுப்பு வட்டம்.
காகங்கள் நண்டு உடைப்பதற்கென்று
ஐந்தாம் பலகையை எடுத்துக்கொண்டன.
வாடகை கேட்கவில்லை நான்.

மூன்று நாள் உப்புத்தாள்.
முழங்காலில் நின்று தேய்த்தேன்.
தாளின் பெயரிலும் உப்பு, தூசியிலும் உப்பு,
உதட்டை நக்கினால் அதே.

கழுவ நல்ல தண்ணீர் வேண்டும்.
எங்கள் கிணறு உவர்.
பவுசரில் வந்த குடிதண்ணீரை
வாளி வாளியாகப் பலகையில் ஊற்றினேன்.
றோஸ்மலர் வேலிக்கு மேலால் பார்த்தாள்.
இடுப்பில் குடம். ஒன்றும் சொல்லவில்லை.
ஏதாவது சொல்லியிருக்கலாம்.

றெஜினோல்ட் வந்து மூடியைத் திறந்து முகர்ந்தான்.
"நல்ல மணம்தான் அக்கா.
எழுதினவர் இஞ்ச வந்ததில்லைப் போல."

விடிய மூன்றே முக்காலுக்குத் தொடங்கினோம்.
காய்ச்சல் பார்க்கிற கருவியைப் பலகையில் வைத்தேன்.
வெறும் கோடு காட்டியது.
"சுகமாத்தான் இருக்கு," என்றான்.

டோர்ச்சை வாயில் கடித்தபடி,
நார் போன திசையில் துணியை இழுத்துக்கொண்டு,
அவன் அந்த முனையிலிருந்து, நான் இந்த முனையிலிருந்து.
குருநகர்ப் பக்கம் விளக்குகள் ஒவ்வொன்றாக
கரைக்குத் திரும்பின.
மரம் குடித்தது.
பாலை அவ்வளவு குடிக்கும் என்று யாருக்குத் தெரியும்,
ஒரு தகரம் முழுவதையும், மிச்சம் வைக்காமல்.

அடுத்த பூச்சுக்கு ஒரு நாள் காயவேண்டும்.
பதினொரு மணிக்கு,
புரட்டாதியில், யாரும் கூப்பிடாமல்,
மழை.

குடையோடு ஓடினேன், எதை மூடுவதென்று தெரியாமல்.
பூசிய பலகைகளில் தண்ணீர்
உருண்டு உருண்டு நின்றது, பிறகு நழுவியது.
பூச்சட்டி நகர்த்த மறந்த இடத்தில் மட்டும்
நான்கு கறுத்த வட்டங்கள் வாய்திறந்து உறிஞ்சின.
மற்றதெல்லாம் இடுக்குகளால் கீழே போனது.
அந்த இடுக்குகளுக்காகச் சண்டை பிடித்திருக்கிறேன்.
ஐந்து ரூபாய்க் குற்றி இரண்டைச் சேர்த்துச் செருகி
பலகைக்குப் பலகை அவன் இடம் விட்டபோது,
"வெறும் இடத்துக்கும் சதுர அடிக் கணக்கா?"
என்று கேட்டேன்.
இன்றைக்குத் தளத்தின் அடியில்
அந்த வெறும் இடம் சத்தம் போட்டு வேலை செய்தது.

மழை விட்டது. வானம் இன்னும் முகம் கழுவவில்லை.
அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் தூறல்.
இரண்டாம் தகரத்தை எடுத்துக்கொண்டு
வேலியைச் சுற்றிப் போனேன்.
றோஸ்மலரின் சன்னல் கதவுகள்
கடலைப் பார்த்தே வெடித்துப்போனவை.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"என்ன எழுதிக்கிடக்கு?"
"பனி விழ முதல் பூசி முடிக்கட்டாம்."
அவள் வானத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"அப்ப நேரம் கிடக்கு," என்றாள்.
"இருங்கோ, தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."