நான்கு அங்குலம்

கார் நிறுத்துமிடத்துத் தூண்களைச்
சுத்தியலால் தட்டித் தட்டிக்
கேட்டுக்கொண்டே போனாள் இன்ஜினியர் ஷெரின்.
கணவாய்க் காற்று
அவள் கையிலிருந்த வரைபடத்தைப் பிடித்திழுத்தது.
ஏழாம் தூணில் சத்தம் மாறியது.

"உள்ளே கம்பி துருப்பிடிச்சாச்சு.
எல்லாத் தூணுக்கும்
புதுக் கம்பி கட்டி காங்கிரீட் போடணும்.
சுத்திலும் நாலு அங்குலம் தடிக்கும்."

கூட்டத்தில்
நில அதிர்வைப் பற்றி யாரும் பேசவில்லை.
நாலு அங்குலம் போனால்
இன்னோவா கதவு திறக்காது என்றார் முத்தலிப்.
மூன்றாம் மாடிக்கு லிஃப்ட்தான் முதலில்.
ஒத்திவைத்தோம்.

இரவு இரண்டு மணிக்குக்
கோயம்புத்தூர் போகும் சரக்கு ரயில்.
தினமும் போவதுதான்.
பாலக்காடு வந்து பத்து வருடத்தில்
அன்றைக்குத்தான் எண்ணினேன்:
அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள்
பதினொரு நொடி
இடித்துக்கொண்டன.

காலையில் பார்க்கிறேன்,
ஏழாம் தூணருகே
கதவைப் பாதியே திறந்து
வயிற்றை எக்கி
இறங்கிப் பழகிக்கொண்டிருக்கிறார்
முத்தலிப்.