பதினோரு அறைகளின் ஈரம்

புயல் கரையைக் கடந்துவிட்டது என்கிறது செய்தி.
எங்கள் லாட்ஜின் மொட்டை மாடியை
இன்னும் கடக்கவில்லை.

ஐந்தாம் நாள்.
படிக்கட்டுக் கைப்பிடியெல்லாம் துண்டு.
வரவேற்பு நாற்காலி முதுகில் ஒரு கைலி,
யாருடையது என்று தெரியவில்லை.
ஆள் இல்லாத ஏழாம் அறையில்
குறுக்கும் நெடுக்கும் நைலான் கயிறு கட்டி
மின்விசிறியை ஐந்தில் வைத்து
இருபத்திரண்டு விரிப்புகளைத் தொங்கவிட்டிருக்கிறான்
முனிரத்தினம்.
கதவைத் திறந்தால் முகத்தில் மோதுகிறது
முக்கல் வாடை,
ஊறவைத்து மறந்த பயறு போல.

மே மாதம் என்றால்
கொடியில் கடைசிக் கிளிப்பை மாட்டுவதற்குள்
முதல் முனை விறைத்துப்போகும் ஊர் இது.
ஆற்றில் தண்ணீர் இல்லை என்று
ஊரூராய்க் கேலி பேசுவார்கள்.
இப்போது வந்து
என் தலையணை உறையைப் பிழிந்து பார்க்கட்டும்.

காட்பாடி ரோட்டுக் கடையில்
இம்தியாஸ் ஒவ்வொரு வட்டக் கதவாகத் திறந்து காட்டினான்.
'இது ஈரக் காத்தைக் குழாய் வழியா வெளிய தள்ளும்,
செவுத்துல ஓட்டை போடணும்.
இது தண்ணியாக்கி டப்பாவுல சேக்கும்.
இது ஹீட் பம்ப்.
வெலை ஜாஸ்தி, கரண்ட்டு பாதி.'
கமர்ஷியல் மீட்டர் என்றேன்.
பேசாமல் மூன்றாவதின் தலையில் கை வைத்தான்.

எத்தனை கிலோ துணி என்று கேட்டான்.
நான் விரிப்பை எடை போட்டதில்லை.
'நனைஞ்சதா, காஞ்சதா?'
'காஞ்சதுதான் அக்கா.
மெஷின்காரன் எப்பவும் காஞ்ச கணக்குலதான் பேசுவான்.'

ராத்திரி, நாட்காட்டித் தாளின் பின்பக்கம்
ஏகாம்பரம் கூட்டிக் கழித்தார்.
'வருசத்துக்கு நாப்பது நாள் மழை.
அதுக்கு அறுபதாயிரமா? இன்னாத்துக்கு?
பத்து செட்டு விரிப்பு வாங்கிப் போடு.'
கணக்கில் தப்பே இல்லை.
படுத்துவிட்டார்.

இரண்டு மணிக்குத் தீய்ந்த வாசனை.
ஒன்பதாம் அறை ஷெஃபாலி
வராந்தா பிளக்கில் இஸ்திரிப் பெட்டியைச் செருகி
ஈரத் தலையணை உறையை
அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.
ஆவி எழுந்தது. உறை காயவில்லை.
மால்டாவிலிருந்து வந்து மூன்று மாதம்.
கணவருக்கு ரத்த அணு குறைவு,
ஈரத்துணி ஆகாது என்று டாக்டர் சொன்னதை
நாற்பது தமிழ்ச் சொற்களுக்குள் சொன்னாள்.
பிறகு கேட்டாள்:
'தீதி, காஞ்சது இருக்கா?'

இருக்கு என்று
என் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
விடிந்ததும் இம்தியாஸுக்குப் போன் செய்தேன்.

டெம்போவில் வந்து இறங்கியது.
'வெயிலை அட்டைப் பெட்டியில கட்டி எடுத்தாந்துட்டாங்க'
என்றான் முனிரத்தினம்.
இறக்கி வைத்த அரைமணியில்
மேகம் விலகி
சாத்துவாச்சேரி மலை வரை பளீரென்று அடித்தது
அசல் வெயில்.
ஏகாம்பரம் வானத்தைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
சில்லறை எண்ணப் போய்விட்டார்.

இருந்தாலும் முதல் சுற்றை ஓட்டினோம்.
இரண்டே முக்கால் மணி நேரம்.
வடிகட்டியை உருவினால் சாம்பல் நிறப் பஞ்சு,
எல்லா அறையும் கலந்த நிறம்.
அதில் சிக்கியிருந்தது கொத்துக் கொத்தாய்
கருப்பு முடி.
எந்தத் தலையணையுடையது என்று
நானும் கேட்கவில்லை,
முனிரத்தினமும் சொல்லவில்லை.
தாளில் மடித்து வைத்தான், அப்புறம் போடலாம் என்று.

இப்போது மார்கழி பாதி.
காலையில் பனி, பத்து மணிக்கு மேல் நல்ல வெயில்.
விரிப்புகள் மாடியில் படபடக்கின்றன.
மெஷின் மேல்
யாரோ ஹெல்மெட்டை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மட்டும்
ஷெஃபாலி வருவாள்,
மாடியில் ஏற்கெனவே காய்ந்த இரண்டு உறைகளோடு.
அவருக்குக் குளிர்கிறதாம்.
சூடாக எடுத்துப்போய்த்
தலைக்கு அடியில் வைக்க வேண்டுமாம்.

ஒன்பது கிலோ பிடிக்கும் டிரம்மில்
இரண்டே இரண்டு உறைகள்
ஏறி ஏறி விழுகின்றன.
இம்தியாஸ் பார்த்தால் திட்டுவான்.
பத்து நிமிடம் வைத்து
நான்தான் பொத்தானை அழுத்துகிறேன்.