சீப்புக்குப் பல் எந்தப் பக்கம்

பகாவைத் தாண்டி வேன்
செம்பனை ஆலையின் வாடைக்குள் நுழையும்போது
ஜமாலுடின் கண்ணாடியை ஏற்றிவிடுவார்.
நான் மடியில் ஐஸ் பெட்டியை இறுக்கிக்கொள்வேன்.
ஊசி மருந்துக்குக் குளிர் போகக் கூடாது.
எனக்கு வியர்த்தால் பரவாயில்லை.

மொத்தம் நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கும் பள்ளி.
நூல்நிலையம் இன்றைக்கு என்னுடையது.
தரை சமமாய் இருக்கிற இடம் தேடி
எடைக்கருவியை வைத்தேன்.
சுவரில் பார்வை அட்டை:
மூன்று கால் எழுத்து, மேலே பூதமாய்,
கீழே போகப் போக எறும்பாய்.
"சீப்புன்னு நினைச்சுக்கோங்க.
பல் எந்தப் பக்கம்? கையால காட்டுங்க."

சன்னலுக்கு வெளியே மூன்றாம் ஆண்டு.
ஊசி இருக்கா மிஸ்ஸி, ஊசி இருக்கா மிஸ்ஸி.
உங்களுக்கு இல்லை என்றேன்.
நம்பாத ஒருத்தி நழுவிப் போய்
வரிசையின் வாலில் மறுபடி ஒட்டிக்கொண்டாள்.

லோகேந்திரன் ஒரு பிழையும் விடவில்லை.
மேல், வலம், கீழ், கீழ், இடம்.
எறும்பு வரிசை வரைக்கும் கை ஓடியது,
நான் குச்சியை வைப்பதற்கு முன்பே.

அங்கேதான் இடறியது எனக்கு.
பதினாறு வருஷமாய்க் கைகளைப் பார்க்கிறேன்.
கண் பார்க்கும்போது கை கொஞ்சம் தயங்கும்.
மனப்பாடம் தயங்காது.

பையில் இன்னோர் அட்டை உண்டு.
முதல் எழுத்து ஒன்றுதான்,
அதற்குக் கீழே சீப்புகள் எல்லாம்
வேறு வேறு பக்கம் திரும்பி நிற்கும்.
மாட்டினேன்.
மேல், வலம், கீழ், கீழ், இடம்.

சன்னலில் ஒரு சிரிப்பு கிளம்பியது.
"எல்லாரும் போய்த் தண்ணி குடிச்சிட்டு வாங்க."

அறை காலியானதும் அவன் கை இறங்கியது.
காலையிலிருந்து சன்னலில் நின்றிருக்கிறான்.
அட்டை அவனுக்கு வெறும் வெள்ளை.
உள்ளே நின்ற பிள்ளைகளின் கைகளைப் பார்த்து,
ஒவ்வொரு கையாய்ப் பார்த்து,
நெட்டுருப் போட்டிருக்கிறான்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ்ஸி."

செனவாங்கில் கையுறை ஆலை.
ஐந்து மணி பஸ், இருட்டில் போய் இருட்டில் திரும்புவது.
அக்காவுக்குக் கண்ணாடி வாங்கியபோது
ஞாயிறும் வேலைக்குப் போனாளாம்.
ஆறு ஞாயிறு.
எண்ணி வைத்திருக்கிறான்.

சொல்லாமல் இருக்க முடியாதுடா என்றேன்.
கடையில் லியோங்கிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன்.
அது உறுதி இல்லை என்றும் சொன்னேன்.
ஒன்பது வயதுக்காரனிடம் பொய் செல்லாது,
அதுவும் இவனிடம்.

மத்தியானம் இடைநிலைப்பள்ளி.
படிவம் ஒன்று மாணவிகள், வரிசையாய், ஊசிக்கு.
இடது கையைக் கேட்டேன்.
ஷர்வினா வலது கையை நீட்டினாள்.
இடது சட்டைக்கை மணிக்கட்டு வரை பொத்தானிட்டிருந்தது,
இந்த வெயிலில்.
வலதிலேயே போட்டேன்.
பஞ்சை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு
அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னேன்:
கடைசி ஊசி முடிஞ்சதும் இங்கேயே இருக்கியா,
ஆலோசகர் டீச்சர் ரூம் வரைக்கும்
நானும் கூட நடக்கிறேன்.
அவள் பஞ்சையே பார்த்தாள்.
ஆனால் இருந்தாள்.
நான்கு மணி வேனை
ஐந்தேகால் வரைக்கும் நிறுத்திவைத்தோம்.
ஜமாலுடின் ஏன் என்று கேட்கவில்லை,
கச்சான் பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

இரவு எட்டு மணிக்குப் போன் வந்தது.
மத்தியானம் நான் அழைத்த எண்.
பின்னால் பஸ்ஸின் இரைச்சல்,
யாரோ இருமுகிற சத்தம்.

"லோகேந்திரன் அம்மா பேசுறேன் மிஸ்ஸி.
பையன் என்ன தப்புப் பண்ணிட்டான்?"

"ஒரு தப்பும் பண்ணலைங்க.
எல்லாத்தையும் சரியாச் சொன்னான்.
அதனாலதான் கூப்பிட்டேன்."