வலப்பக்கக் கதவு

தென்காசிக் கடைக்காரர்
இரண்டு மெஷினை மேஜைமேல் வைத்தார்.
ஒன்று ரோட்டரி. ஒரே அச்சில் சுற்றும்,
சொன்ன பேச்சு கேட்காது,
வேலை சட்டென்று முடியும், விலையும் பாதி.
மற்றது சுற்றிக்கொண்டே ஆடும்.
அழுத்தினால் நின்றுவிடும்,
கோபித்துக்கொண்ட மாதிரி.
"பழகாத கைக்கு இதுதான்" என்றார்.
கையைப் பார்த்துச் சொன்னாரா
வளையலைப் பார்த்தா, தெரியவில்லை.
ரோஷத்தில் ரோட்டரியை எடுத்தேன்.

மூன்றாம் வாரம் ஒரு சிவப்பு ஸ்விஃப்ட்.
விளிம்பில் பெயின்ட் மெலிசு என்பது
அன்றைக்குத்தான் விரலுக்குத் தெரிந்தது.
கண்மூடித் திறப்பதற்குள்
பால் பொங்கி அடுப்பில் விழுந்தாற்போல்
ஒரு வாசனை.
நகக்கண் அளவுக்கு எட்டிப் பார்த்தது
சாம்பல் நிற பிரைமர்.
பானெட் முழுக்கத் திரும்ப அடிக்க
ஆறாயிரத்து ஐநூறு.
காதில் கிடந்தது போனது.
அடுத்த மாதம் தவணையில்
ஆடுகிறதை வாங்கி வந்தேன்.

இப்போது விளிம்புக்கெல்லாம் நீல டேப்.
பேடில் நாலு பொட்டு மருந்து, கடலையளவு.
ஒன்றில் தடவி, நாலில் ஓட்டி,
நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை.
கை அழுத்த வேண்டாம், மெஷின் கனமே போதும்.
பேடின் முதுகில் மார்க்கரால் ஒரு கோடு.
அது சுற்றினால் வேலை நடக்கிறது,
நின்றால் வெறும் நடுக்கம்.

ஆடி இரண்டாம் வெள்ளி, சாரலோடு
புனலூரிலிருந்து வந்தார் பேபிச்சன்.
கறுப்பு இன்னோவா.
வலப்பக்கக் கதவில்
ஆணியால் மூன்றெழுத்து, மலையாளத்தில்.
மலையாளத்தில் எனக்குத் தெரிந்தது
பஸ் போர்டில் கொல்லமும் புனலூரும் மட்டும்.
இரண்டும் இல்லை இது.

கணவாய் தாண்டி, செங்கோட்டை வரை,
இதற்காகவா என்று கேட்கவில்லை.
அங்கே ஷெட் இல்லையா என்ன.

அவர் டீ குடிக்கப் போன நேரம்
வைக்கோல் லாரி ஒன்று தார்ப்பாய் கட்ட நின்றது.
கிளீனர் பையன் ஷிஜு கதவைப் பார்த்து
வாய்விட்டுச் சிரித்தான்.
"கள்ளன்."
தமிழில் என்ன என்றேன்.
"தமிழிலும் அதுதானே அக்கா."

அப்புறம்தான் புரிந்தது
வண்டி ஏன் மலை இறங்கியதென்று.

மீட்டர் வைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு மைக்ரான்.
அதில் மேல்பூச்சு நாற்பது இருந்தால் அதிகம்.
கீறலை யாரும் எடுப்பதில்லை.
கீறாத இடத்தையெல்லாம்
கீறலின் ஆழத்துக்கு இறக்குகிறோம்,
அவ்வளவுதான் இந்தத் தொழில்.
முதல் எழுத்து கரைந்தது.
நடு எழுத்தின் வளைவு மங்கியது.
கடைசி எழுத்தில்
ஆணி திரும்பிய இடம் மட்டும் ஆழம்.
அங்கே ஏதோ வேகம்.
எழுத்து என் இடுப்புயரத்தில் இருந்தது.
எழுதினவர் குனிந்திருக்க வேண்டும்,
இல்லை, உயரமே அவ்வளவுதானோ.

இன்னொரு சுற்று போகலாம் என்றது கை.
மீட்டர் வேண்டாம் என்றது.
சிவப்பு ஸ்விஃப்டின் வாசனை மூக்கில் வந்தது.
நிறுத்திவிட்டேன்.

பேபிச்சன் குனிந்து பார்த்தார்,
கண்ணாடியைக் கழற்றி, மாட்டி.
"போயோ?"
"நனைந்தால் தெரியாது" என்றேன்.
மலைப் பக்கம் பார்த்தார்.
கணவாய் கறுத்துக் கிடந்தது.
பேசிய பணத்தை எண்ணித் தந்தார்,
ஒரு ரூபாய் கூடவுமில்லை குறையவுமில்லை.
கள்ளனென்றால் பேரம் பேசியிருப்பான் என்று தோன்றியது.
எழுதின கைக்கு என்ன பாக்கியோ,
அது என் கணக்கில் வராது.

வண்டி போன பிறகு
குழாயடியில் பேடைக் கழுவினேன்.
கறுப்பு வண்டிதான்.
தண்ணீர் என்னவோ
அரிசி களைந்த மாதிரி
வெள்ளையாகப் போனது.