ஓடுபாதை மூடப்பட்டுள்ளது

மணி மூன்று நாற்பது.
நவம்பர் கடைசியில் சூரியன் கிளம்பிப் போன ஊர் இது.
மூன்று நாற்பது பகலா இரவா என்று
கடிகாரம்தான் சொல்ல வேண்டும்.

ஸ்கார்வ்நெஸ் விமான நிலையத்தில்
பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறேன்.
அழைப்பு வரும்வரை போர் நடத்துகிறேன்.

திரையில் பேரன்ட்ஸ் கடல் வெறும் கருநீலம்.
உப்பில்லை, அலையில்லை, காட் மீனில்லை.
கரை ஒரு வெள்ளைக் கோடு,
தூக்கக் கலக்கத்தில் யாரோ இழுத்தது.
என் விமானங்கள் நீல வளைவுகள், நான்கு.
எதிரியுடையவை சிவப்புக் கூரைகள்.
சுவரில்லாமல், கூரை மட்டும்
கிழக்கிலிருந்து நகர்ந்து வருகிறது.

இதே காட்சி, மூன்றாவது முறை.
முதல் முறை ரேடாரைப் போட்டுக்கொண்டே போனேன்;
இருட்டில் டார்ச் அடிப்பவன்தான் முதலில் சாவான்.
இரண்டாம் முறை தூரத்திலிருந்தே எல்லாவற்றையும் ஏவினேன்;
அவன் வாலைக் காட்டித் திரும்பினான்,
என் ஏவுகணைகள் மூச்சு வாங்கிக் கடலில் விழுந்தன.
இன்று வாய் திறக்கவில்லை. தாழப் பறந்து, காத்திருந்து,
வெகு கிட்டத்தில்.

செய்திப் பட்டை எழுதுகிறது:
ஏவுகணை 14. தாக்கும் வாய்ப்பு 62. விழுந்த எண் 71. தவறியது.
பகடைதான்.
ஒலியைப் போல் நான்கு மடங்கு வேகத்தில் உருட்டினால்
வான்போர்.
ஏவுகணை 15. வாய்ப்பு 62. விழுந்த எண் 8.
ஒரு கூரை அணைந்தது.
உள்ளே யாராவது இருந்தார்களா என்று பட்டை சொல்லாது,
நானும் கேட்பதில்லை.
அப்போது ரொட்டிக்குப் பழுப்புச் சீஸ் சீவிக்கொண்டிருந்தேன்.

பிறகு எரிபொருள் விமானம் போனது.
அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

லோம் இரண்டு: எரிபொருள் பதினொரு நிமிடம்.
அருகிலுள்ள தளம்: பத்தொன்பது நிமிடம்.
படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும்.
கோட்டின் ஓரத்தில் ஒரு குட்டிச் சதுரம்.
ஸ்கார்வ்நெஸ்!
என் ஓடுபாதை. என் ஆயிரத்து நூறு மீட்டர்.
அம்பை அதன்மேல் வைத்தேன்.
'ஓடுபாதை மூடப்பட்டுள்ளது. காரணம்: பனி.'

இந்தக் காட்சியை எழுதியவன்
எங்கோ உட்ரெக்டிலோ எங்கேயோ
ஜன்னல் வழியாகப் பனி பார்த்தவனாக இருப்பான்.
பத்தொன்பது வருடத்தில் நாற்பது நிமிடத்துக்கு மேல்
அதை நான் மூட விட்டதில்லை,
ஒரே ஒரு தடவை தவிர, அதுவும் பிளேடு உடைந்ததால்.
பட்டியலைத் தேடினேன்:
ரேடார் லாரி உண்டு, பொய் இலக்கு உண்டு,
நடமாடும் சமையலறைகூட உண்டு.
பனி தள்ளும் வண்டி இல்லை.

போன் அடித்தது. கோபுரத்திலிருந்து தோர்பியோர்ன்.
'ராக்ன்ஃப்ரிட், ஆம்புலன்ஸ் விமானம் வருகிறது.
பிரசவம். குழந்தை குறுக்கே கிடக்கிறதாம். முப்பத்தைந்து நிமிடம்.'
ஸ்பேஸ் பாரைத் தட்டினேன்.
லோம் இரண்டு வானத்தில் நின்றது,
நான்கு நிமிட எரிபொருளுடன்.

வெளியே காற்று பக்கவாட்டில் அடித்தது.
தள்ளிய இடமெல்லாம் பின்னாலேயே வெளுத்தது.
ஐந்து சுற்று. ஆறாவதில் தார் தெரிந்தது,
கறுப்பாக, முனையிலிருந்து முனைவரை.
பனிக்குள்ளிருந்து இரண்டு விளக்குகள் இறங்கின.
யாரும் எண் உருட்டவில்லை.
உருட்டியிருந்தாலும் எனக்குக் காட்டவில்லை.
ஸ்ட்ரெச்சர் ஏறியது, கதவு மூடியது, விளக்குகள் போயின.
குழந்தை என்ன ஆனது என்று இன்னும் தெரியாது.

ஐந்து ஐம்பது. திரும்பி வந்தேன்.
லோம் இரண்டு அதே இடத்தில்.
குட்டிச் சதுரமும் அப்படியே, மூடி.

வழக்கமாக இந்த இடத்தில்
காலத்தைப் பதினைந்து மடங்கு ஓட்டிவிடுவேன்.
இன்று ஒன்றுக்கு ஒன்று வைத்தேன்.
ஸ்பேஸ் பார்.
நான்கு நிமிடமும் உட்கார்ந்திருந்தேன்.
பூட்ஸ் கழற்றவில்லை.
பனி உருகித் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.