பக்கம் 37: பிழையும் திருத்தமும்

ஆண்டு மலர்க் குழுவில் சேர்ந்தபோது
எழுத்தைப் பெரிதாக்கத் தெரியும்,
சிவப்பாக்கத் தெரியும்.
வேறொன்றும் தெரியாது.

வண்ணார்பேட்டை அச்சகத்துக் கணினியில்
நாங்கள் தட்டிய எழுத்துரு இல்லை.
கொக்கிரகுளம் கட்டம் கட்டமாய் வந்தது.
வரியின் கடைசியில் ‘கொ’வின் கொம்பு,
ககரமும் காலும் அடுத்த வரியில்.
இரவு பதினொன்று வரை
ஒவ்வொரு கொம்பாய் ஓட்டிவந்து சேர்த்தோம்
நானும் இர்பானாவும்.
மாடு பிடிக்கிற வேலை என்றாள்.

பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டுமாம்.
எங்களிடம் அறுபத்தாறு.
ஐந்து வாழ்த்துரைகளில் எதைத் தொடுவது?
தாளாளரின் இரண்டாவது படத்தை எடுத்தேன்.
போதவில்லை.
என் கவிதையை எடுத்தேன்.
இரண்டு நாள் வலித்தது.
மூன்றாம் நாள் அதை மறுபடி படித்தேன்.
நல்ல வேளை.

காசு கொடுத்து வாங்கிய தாளில்
எதற்கு இவ்வளவு வெள்ளை என்று
பொருளாளன் தேவதிரவியம் சண்டைக்கு வந்தான்.
அன்றைக்குப் பதில் வரவில்லை எனக்கு.
மறுநாள் ஆற்றுப்பாலத்தில் பேருந்து நின்றபோது காட்டினேன்.
தாமிரபரணி ஒரு ஓரமாய் ஓடிக்கொண்டிருந்தது.
மீதியெல்லாம் மணல், கொஞ்சம் நாணல்.
‘அதைக் குறைக்கச் சொல்லேன்’ என்றேன்.
அவன் டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அறுநூறு பிரதியும் கட்டாகி வந்த அன்றுதான்
கண்ணில் பட்டது.
முப்பத்தேழாம் பக்கத்தில்
முத்துக்கிளி
முத்துக்கிலி ஆகியிருந்தாள்.
ஐந்து தடவை மெய்ப்புப் பார்த்தவள் நான்.

பெயரை மட்டும் தனியாய் அச்சடித்து
விரல் அகலத்துக்குக் கத்தரித்து
மைதாப் பசையோடு உட்கார்ந்தோம்.
தகவல் கேட்டு
மூன்றடைப்பிலிருந்து அவளே வந்துவிட்டாள்.
‘ஏட்டி, தள்ளி உட்காரு.
என் பேரை நானே ஒட்டுதேன்.’
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தவளிடம்
பசைக் கிண்ணத்தை நகர்த்தினாள்.
முந்நூறு தாண்டும்போது சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
‘இனி எல்லாவனும்
என் பேரைத் தடவிப் பாத்துட்டுத்தான்
கவிதைக்கே வருவான்.’
கடைசிப் பிரதியில் ஒட்ட விடவில்லை.
அந்தக் கிலி தனக்கு வேண்டுமாம்.

போன வாரம் ஒரு வேலைக்கு விண்ணப்பம் வாங்கினேன்.
இரண்டாம் பக்கத்தில்
‘திறன்கள்’ என்றொரு கட்டம்.
என்ன எழுதலாம் என்று நினைக்கும் முன்பே
கண் பார்த்துவிட்டது:
கட்டத்தின் இடது கோடு
கீழே போகப் போக
ஒரு நூல் சாய்ந்திருக்கிறது.